பாடசாலை வழிகாட்டல் ஆலோசகர் ஆவதற்கான முதுமாணிப் படிப்பு

இக்கட்டுரை இருவகை வாசகர்களுக்காக எழுதப்பட்டுள்ளது. "வழிகாட்டல் ஆலோசகர் உங்களைச் சந்திக்க விரும்புகிறார்" என்னும் கடிதம் பிள்ளையின் பாடசாலையிலிருந்து வரப்பெற்ற பெற்றோர் ஒரு வகையினர். அத்தொழிலைத் தாமே கற்க எண்ணும் இளையோரும், தாயகத்தில் உளவளத்துணை பயின்று இங்கு வந்து சேர்ந்தோரும் மற்றொரு வகையினர். அந்த ஆலோசகர் என்ன கற்று அந்த இருக்கைக்கு வந்தார் என்பதை அறிந்தால், இரு வகையினருக்கும் வழி தெளிவாகும்.

ஒரு சொல்லால் நேர்ந்த பிழை

பல ஆண்டுகளுக்கு முன்னர் எமது வட்டாரத்துப் பாடசாலை ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக ஒரு சந்திப்பில் அமர்ந்திருந்தேன். ஒருபுறம் தாயும் மகளும், மறுபுறம் ஆலோசகர். அவர் தம்மைப் பிரெஞ்சில் 'கொன்செயேர் தோரியான்தாசியோன்' என்று அறிமுகம் செய்தார். தாய்க்கு விளங்கும்படி சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் நான் அதனை, "பிள்ளைகளுக்குப் புத்திமதி சொல்பவர்" என்று தமிழாக்கினேன்.

தாயின் முகம் வாடியது. "அண்ணை, பிள்ளை என்ன பிழை விட்டவள்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். பிள்ளை எப்பிழையும் செய்யவில்லை. இடைநிலை நான்காம் வகுப்பில் எந்தக் கணிதப் பிரிவைத் தெரிவது என்பதைப் பேசவே அவர்கள் அழைக்கப்பட்டிருந்தனர். நான் விளக்கம் கூறினேன். ஆயினும் முதற்சொல் செய்த வேலையைப் பின்வந்த விளக்கம் முழுதாக அழிக்கவில்லை. அம்மாணவி அதன் பின்னர் அந்த அறைக்குச் செல்லவில்லை என்று பிறகு அறிந்தேன். அவள் வீட்டில் அந்த அறை குற்றம் செய்தோர் செல்லும் இடமாகிவிட்டது.

சட்டம் பயின்ற எனக்கு, ஒரு சொல்லின் பொருளை வரையறுத்த பின்னரே அதனைக் கையாள வேண்டும் என்பது தெரிந்திருக்க வேண்டும். இன்று இவ்வழிகாட்டியில் அத்தொழிலைக் 'கல்வி, தொழில் வழிகாட்டல் ஆலோசகர்' என்றே எழுதுகிறோம். சுருக்கமாக 'வழிகாட்டல் ஆலோசகர்' எனலாம். புத்திமதி என்னும் சொல் இதற்குப் பொருந்தாது. புத்திமதி சொல்லும் பழக்கத்தை விட்டுவிடப் பழகுவதே இப்படிப்பின் முதற்பாடம்.

இத்தொழில் எங்கிருந்து வந்தது

1908ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் தொழில் வழிகாட்டல் நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவரும் சட்டம் பயின்றவரே. அந்நகரில் குடியேறிய ஏழைக் குடும்பங்களின் பிள்ளைகள் கிடைத்த வேலையில் விழுந்து, பொருந்தாமல் விலகி, மீண்டும் வேறொன்றில் விழுவதை அவர் கண்டார். அவர் வகுத்த முறை மூன்று பகுதிகளைக் கொண்டது. ஒருவர் தம் இயல்பையும் ஆற்றலையும் அறிதல். தொழில்களின் தேவைகளையும் வாய்ப்புகளையும் அறிதல். இவ்விரண்டையும் பொருத்திப் பார்த்துத் தாமே முடிவெடுத்தல். அவர் நூல் 1909இல், அவர் மறைந்த பின்னர் வெளிவந்தது.

பின்வந்தோர் இம்முறையை விரித்தனர். கார்ல் ரோஜர்ஸ், கேட்பவர் எவ்வாறு கேட்கிறார் என்பதே பேசுபவரின் மாற்றத்திற்கு அடிப்படை என்று காட்டினார். டொனால்ட் சூப்பர், தொழில் தெரிவு ஒரே நாளில் முடிவதன்று. வாழ்நாள் முழுதும் வளர்வது என்றார். ஜான் ஹாலண்ட், மனிதரின் நாட்டங்களை ஆறு வகைகளாகப் பிரித்தார். இன்று பாடசாலைகளில் பிள்ளைகள் நிரப்பும் நாட்ட வினாக்கொத்துகள் பலவற்றுக்கு அப்பிரிவே அடிப்படை.

கியூபெக்கில் சட்டம் கூறுவது

கியூபெக்கின் பாடசாலை ஒழுங்குவிதிகள், மாணவருக்கு வழங்க வேண்டிய துணைச் சேவைகளின் பட்டியலில் கல்வி, தொழில் வழிகாட்டலையும் சேர்த்துள்ளன. எனவே ஆலோசகரைச் சந்திக்கக் கோருவதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.

'வழிகாட்டல் ஆலோசகர்' என்பது தொழில்வாண்மையர் சட்டக்கோவையால் பாதுகாக்கப்பட்ட பட்டப்பெயர். வழிகாட்டல் ஆலோசகர்களின் தொழில்வாண்மைச் சபையில் உறுப்பினராக உள்ளவர் மட்டுமே அதனைத் தம் பெயருடன் இணைக்கலாம். பெயரின் பின்னே 'சி.ஓ.' என்னும் இரு எழுத்துகள் இருந்தால், அவர் அச்சபையின் உறுப்பினர் என்பது பொருள். சபையின் உறுப்பினர் பட்டியலை எவரும் பார்வையிடலாம். அவ்வுறுப்புரிமைக்கு முதுமாணிப் பட்டம் அவசியம். தமிழ்நாட்டு வாசகர் முதுகலை என்று வழங்குவதும் இதுவே.

ரொறன்ரோவில் உள்ள உறவினர் கூறும் வழி இங்கு பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்க. ஒன்ராறியோ மாகாணத்தில் முதலில் ஆசிரியராகத் தகுதிபெற்று, பின்னர் வழிகாட்டலில் மேலதிகத் தகைமை பெறுவது வழக்கம். கியூபெக்கில் இது ஆசிரியத் தொழிலின் கிளை அன்று. தனிக் கல்வியும் தனிச் சபையும் உடைய தொழில்.

பாடசாலையில் வேறு சிலரும் பணிபுரிவர். கல்வித் தகவல் ஆலோசகர் கற்கைநெறிகள், விண்ணப்ப நாட்கள் பற்றிய தகவல் தருவார். அவருக்கு இளமாணிப் பட்டம் போதும். உளக்கல்வியாளர் பிள்ளையின் நடத்தை, இசைவாக்கம் சார்ந்த சிக்கல்களில் உதவுவார். அவருக்கும் முதுமாணி வேண்டும், ஆயினும் அவர் சபை வேறு. எமது பகுதியிலேயே அமைந்துள்ள மொன்றியல் பல்கலைக்கழகம் உளக்கல்வியைக் கற்பிக்கிறது. உளவியலாளருக்கோ 2006ஆம் ஆண்டிலிருந்து முனைவர் பட்டம் அவசியம். உளச்சிகிச்சை என்னும் பெயரில் சிகிச்சை வழங்க, 2012 முதல் தனி அனுமதிப்பத்திரமும் தேவை.

படிப்பின் படிகள்

இங்கு இடைநிலைக் கல்வியை முடிக்கும் ஒருவருக்கு இவ்வழி ஏறத்தாழ 7 ஆண்டுகள் எடுக்கும்.

முதற்படி சீஜெப். பல்கலைக்கழக முன்னிலைப் பிரிவு 2 ஆண்டுகள். மொன்றியல் பகுதியின் பல சீஜெப்களுக்கு மார்ச் 1ஆம் திகதியே விண்ணப்ப இறுதிநாள். சமூக அறிவியல் பிரிவைத் தெரிவோர் அளவறி முறைகள், அதாவது புள்ளியியல் சார்ந்த பாடத்தைத் தவிர்க்க வேண்டாம். சில உளவியல் இளமாணிக் கற்கைகள் அதனையும் உயிரியலையும் முன்தகைமையாகக் கேட்கின்றன.

இரண்டாம்படி இளமாணி. இது 90 புள்ளிகள் கொண்டது; முழுநேரமாகப் படித்தால் 3 ஆண்டுகள். மொன்றியலில் உள்ள கியூபெக் பல்கலைக்கழகம், ஷெர்புரூக் பல்கலைக்கழகம், கியூபெக் நகரின் லவால் பல்கலைக்கழகம் ஆகியவை இத்துறைக்கே உரிய இளமாணியைப் பிரெஞ்சில் வழங்குகின்றன. அவ்விளமாணி தனியே பட்டப்பெயர் தராது. முதுமாணிக்கு வாயிலாக அமையும்.

மூன்றாம்படி முதுமாணி. முழுநேரமாகப் பொதுவாக 2 ஆண்டுகள். மேற்சொன்ன மூன்று பல்கலைக்கழகங்களும் இதனை வழங்குகின்றன. ஆங்கிலத்தில் கற்க விரும்புவோர் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆலோசனை உளவியல் முதுமாணியைப் படிக்கலாம். அதற்கு உளவியல் அல்லது அதனைச் சார்ந்த இளமாணியும் குறித்த சில முன்பாடங்களும் வேண்டும். இடங்கள் குறைவு. மதிப்பெண்களோடு பரிந்துரைக் கடிதங்களும், மனிதரோடு பணியாற்றிய அனுபவமும் கவனிக்கப்படும். கோடைகாலச் சிறுவர் முகாம், வீட்டுப்பாட உதவி நிலையம், முதியோர் இல்லம் ஆகியவற்றில் செய்த தொண்டுப்பணியின் விவரங்களைக் குறித்து வைத்திருங்கள்.

செலவு பற்றிய அச்சம் பலரை முதலிலேயே நிறுத்திவிடுகிறது. கியூபெக் அரசின் கல்விக் கடனுக்கும் உதவித்தொகைக்கும் குடியுரிமை உடையோர், நிரந்தர வதிவோர், அகதி என ஏற்கப்பட்டோர் விண்ணப்பிக்கலாம். அகதிக் கோரிக்கையின் தீர்ப்புக்காகக் காத்திருப்போரின் நிலை வேறு. அவர்கள் பல்கலைக்கழகத்தின் நிதியுதவி அலுவலகத்தில் கட்டண விவரத்தை முதலில் கேட்டறிந்து, பின்னர் விண்ணப்பிப்பது நன்று.

முதுமாணியில் கற்பவை

ஐந்து பகுதிகளாக இதனைக் காணலாம்.

முதலாவது, ஆலோசனைக் கோட்பாடுகள். மனிதர் எவ்வாறு மாறுகின்றனர், எதனால் மாற மறுக்கின்றனர் என்பதை இப்பகுதி ஆராயும். இரண்டாவது, தொழில் வளர்ச்சிக் கோட்பாடுகளும் வேலை உலகம் பற்றிய அறிவும். மூன்றாவது, அளவீடு. நாட்டம், ஆற்றல், ஆளுமை ஆகியவற்றை அளக்கும் சோதனைகளை நடத்தவும், அவற்றின் எல்லைகளை உணரவும் பயில்வர். ஒரு சோதனை எந்த மக்களிடம் நடத்தி உருவாக்கப்பட்டது என்று கேட்கத் தெரியாதவர் அதன் முடிவை நம்புவது ஆபத்து. நாட்டில் வந்திறங்கி ஓராண்டே ஆன பிள்ளையின் பிரெஞ்சுச் சோதனைப் பெறுபேறு, அப்பிள்ளையின் அறிவை மட்டுமா அளக்கிறது? மொழியையும் சேர்த்தே அளக்கிறது.

நான்காவது, உளநலப் பாதிப்புகளை இனங்காணலும் ஒருவரின் உளச்செயற்பாட்டை மதிப்பிடலும். 2009இல் நிறைவேறி 2012இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், இத்துறையின் சில மதிப்பீடுகளைக் குறித்த தொழில்வாண்மையருக்கு மட்டுமே ஒதுக்கியது. இசைவாக்கச் சிக்கல் அல்லது ஊனம் உடைய மாணவருக்குத் தனித் தலையீட்டுத் திட்டம் வகுக்கும்போது செய்யப்படும் மதிப்பீடு அவற்றுள் ஒன்று. வழிகாட்டல் ஆலோசகருக்கு அவ்வுரிமை உண்டு.

ஐந்தாவது, செய்முறைப் பயிற்சி. மாணவ ஆலோசகர் ஒரு பாடசாலையிலோ சீஜெப்பிலோ இளைஞர் வேலைவாய்ப்பு நிலையத்திலோ பல நூறு மணித்தியாலங்கள் மேற்பார்வையின் கீழ் பணியாற்றுவார். சந்திப்புகளை, வந்தவரின் சம்மதத்துடன், ஒலிப்பதிவோ ஒளிப்பதிவோ செய்து மேற்பார்வையாளருடன் மீட்டுப் பார்ப்பது வழக்கம். "இங்கே மாணவி மௌனமானாள், நீங்கள் ஏன் உடனே பேசினீர்கள்?" என்னும் வகையான கேள்விகள் எழும். இப்பயிற்சி பலருக்குக் கடினமாக இருப்பதன் காரணம் இதுதான். தம் அவசரத்தைத் தாமே கண்டுகொள்ள வேண்டியிருக்கும். நான் அன்று செய்த பிழையும் அவசரத்தால் நேர்ந்ததே.

பிரெஞ்சு மொழித் தகைமை

மெக்கிலில் ஆங்கிலத்தில் பட்டம் பெற்றாலும், தொழில்வாண்மைச் சபையின் அனுமதிக்குப் பிரெஞ்சு அறிவு வேண்டும். பிரெஞ்சு மொழிச் சாசனத்தின் 35ஆம் பிரிவு இதனைக் கூறுகிறது. அதே பிரிவு சில விலக்குகளையும் தருகிறது. இடைநிலையிலோ அதற்கு மேலோ குறைந்தது 3 ஆண்டுகள் முழுநேரமாகப் பிரெஞ்சில் கற்றவரும், 1985-86 கல்வியாண்டிலிருந்து கியூபெக்கில் இடைநிலைச் சான்றிதழ் பெற்றவரும் தேவையான அறிவு உடையோராகக் கொள்ளப்படுவர். ஆகவே இங்கு பள்ளி முடித்த எமது பிள்ளைகளில் மிகப் பலருக்குத் தேர்வு தேவையில்லை.

ஏனையோர் கியூபெக் பிரெஞ்சு மொழி அலுவலகத்தின் தேர்வில் தேற வேண்டும். பட்டம் பெறுவதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலேயே தம் தகைமையை நிறுவச் சட்டம் இடமளிக்கிறது. இறுதிவரை காத்திருக்க வேண்டாம். பிரெஞ்சு கற்க விரும்பும் வயதுவந்தோர் 2023 ஜூன் முதல் 'ஃபிரான்சிசாசியோன் கியூபெக்' என்னும் ஒரே வாயிலூடாக இலவச வகுப்புகளுக்குப் பதிவு செய்யலாம்.

தாயகத்தில் பயின்றோர்

போர்க்காலத்து வடக்கில் உளவளத்துணை பெரும் தேவையாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் போன்ற நிறுவனங்கள் உளவளத்துணையாளர்களைப் பயிற்றின. உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் போரின் உளக்காயங்களைத் தமிழிலும் எழுதினர். அத்தகைய அனுபவத்தோடு இங்கு வந்தோர் சிலர் தொழிற்சாலைகளிலும் சமையற்கூடங்களிலும் வேலைசெய்கின்றனர்.

அவர்கள் செய்யக்கூடியவை இரண்டு. கியூபெக் குடிவரவு அமைச்சிடம் வெளிநாட்டுக் கல்வியின் ஒப்பீட்டு மதிப்பீட்டைப் பெறலாம். அது பொதுவாக வேலைக்கும் கல்விக்கும் பயன்படும். வழிகாட்டல் ஆலோசகர் பட்டப்பெயருக்கோ தொழில்வாண்மைச் சபையிடமே சமத்தகைமை கோரி விண்ணப்பிக்க வேண்டும். சபை முழுதாகவோ பகுதியாகவோ ஏற்கலாம். பகுதியாக ஏற்றால், குறைவாக உள்ள பாடங்களையும் பயிற்சியையும் குறித்துத் தரும். பட்டச் சான்றிதழோடு பாடவிவரங்களும், பயிற்சி மணித்தியாலங்களை உறுதிசெய்யும் கடிதங்களும் தேவைப்படும். ஊரிலிருந்து அவற்றைப் பெறக் காலம் எடுக்கும் என்பதால் முதலில் அவற்றைத் திரட்டுங்கள்.

இரகசியமும் பெற்றோரும்

"என் பிள்ளை சொன்னதை எனக்கு ஏன் சொல்லவில்லை?" என்று பெற்றோர் பலர் ஆலோசகரிடம் கேட்பதைக் கண்டிருக்கிறேன். கியூபெக் உரிமைகள் சாசனத்தின் 9ஆம் பிரிவு தொழில்வாண்மை இரகசியத்தை அடிப்படை உரிமையாக்குகிறது. 14 வயது நிறைந்தவர், தம் உடல், உள நலத்திற்குத் தேவையான பராமரிப்புக்குத் தாமே சம்மதம் தரலாம் என்று குடியியற் சட்டக்கோவையின் 14ஆம் பிரிவு கூறுகிறது. இது பெற்றோரை விலக்கும் சூழ்ச்சி அன்று. பிள்ளை மனந்திறக்க இடமிருந்தால்தான் உதவி சாத்தியம்.

இரகசியத்திற்கும் எல்லை உண்டு. ஒரு பிள்ளையின் பாதுகாப்போ வளர்ச்சியோ ஆபத்தில் உள்ளது என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், இளையோர் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி ஆலோசகர் தாமதமின்றி அறிவித்தே ஆக வேண்டும்.

சந்திப்புக்குச் செல்லும்போது மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பாடசாலையிடம் முன்கூட்டியே கேளுங்கள். எந்தப் பிள்ளையைப் பற்றிப் பேசுகிறோமோ அப்பிள்ளையையே மொழிபெயர்க்கச் செய்வது அதற்குச் செய்யும் அநீதி. தன்னைப் பற்றிய குறையையோ தன் விருப்பத்தையோ எப்பிள்ளை முழுமையாகத் தாயிடம் மொழிபெயர்க்கும்?

எமக்கு இத்தொழில் ஏன் வேண்டும்

எமது பெற்றோர் மருத்துவம், பொறியியல் என்று இரண்டையே சொல்வதை இங்குள்ளோர் சில வேளைகளில் நகையாடுவர். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் தொடக்கத்தில் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது, ஒரு மதிப்பெண் ஒரு வாழ்க்கையை மாற்றியதை அத்தலைமுறை கண்டது. அந்த அச்சம் பிள்ளைகளின் பாடத் தெரிவிலும் தொடர்கிறது. அதனை அறியாத ஆலோசகருக்கு அது பிடிவாதமாக மட்டுமே தோன்றும்.

"உனக்கு என்ன விருப்பம்?" என்று கேட்டால், "அம்மாவுக்கு விருப்பம் நான் பார்மசி செய்வது" என்று ஒரு பிள்ளை விடைகூறலாம். பெரியவரின் கண்ணைப் பார்க்காமல் தலைகுனிந்து இருக்கலாம். முதலாவதைத் தன்விருப்பம் இல்லாமை என்றும், இரண்டாவதை ஆர்வமின்மை என்றும் எழுதிவிடுவது எளிது. நன்கு பயின்ற ஆலோசகர் எவராயினும் அவ்வாறு விரைந்து எழுதமாட்டார். ஆயினும் அவ்விடையில் மரியாதை எவ்வளவு, அச்சம் எவ்வளவு, உண்மையான விருப்பம் எவ்வளவு என்பதை வீட்டுமொழி அறிந்த ஒருவர் சற்று விரைவாகப் பிரித்தறியக்கூடும்.

விக்டோரியா அவெனியூவிலும் வான் ஹோர்னிலும் வளரும் எமது பிள்ளைகள் மருந்தகத்திலும் வங்கியிலும் குடிவரவு அலுவலகத்திலும் பெற்றோருக்காகப் பேசிப் பழகியவர்கள். அச்சுமை அவர்கள் கேட்டுப் பெற்றதன்று. அதனைத் தாங்கிய ஒருவர், உரிய படிப்பையும் மேற்பார்வையையும் பெற்று, அதே திறனை ஊதியமும் மதிப்பும் உள்ள தொழிலாக மாற்றிக்கொள்ள வழி திறந்தே இருக்கிறது. அன்று அந்த மேசையில் அப்படியொருவர் இருந்திருந்தால், என் மொழிபெயர்ப்பே தேவைப்பட்டிராது.

மீட்டல் வினாக்கள்

கீழ்வரும் வினாக்களை வீட்டில் சேர்ந்து பேசிப் பாருங்கள்.

1. வழிகாட்டல் ஆலோசகர், கல்வித் தகவல் ஆலோசகர், உளக்கல்வியாளர் ஆகியோரின் பணிகள் எவ்வாறு வேறுபடுகின்றன?

2. உங்கள் பிள்ளையின் பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசகர் யார்? அவரைச் சந்திக்க எவ்வாறு நேரம் பெறுவது?

3. உங்கள் பிள்ளை இடைநிலை நான்காம் வகுப்புக்கு எந்தக் கணிதப் பிரிவைத் தெரிய இருக்கிறார்? அத்தெரிவு எந்தச் சீஜெப் பிரிவுகளுக்கு இடமளிக்கும்?

4. "உனக்கு என்ன விருப்பம்?" என்னும் கேள்வியைக் கேட்டபின், விடை வரும்வரை பேசாமல் இருக்க உங்களால் முடிகிறதா?

உதவி தேடுவோருக்கு: சமூக அமைப்புகளின் விவரங்களை 211 என்னும் எண்ணில் பெறலாம். உளநல நெருக்கடியில் ஆலோசனை வேண்டுமெனில் 811ஐ அழைத்து 2ஆம் தெரிவை அழுத்துங்கள். உயிராபத்து எனில் 911.